ஏழாவது கேள்வி

மூன்று மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியும் ஆய்வு மாணவிக்குப் பத்துப் படிவங்கள்தான் தேறின. வெள்ளோட்டமாகத் தானே நிரப்பியதைச் சேர்த்தால் பதினொன்று. நாளைக்குள் நாற்பது வேண்டும்.

இன்று பார்த்தால், கொட்டுகிற மழையில் பள்ளிவாசலின் பெண்கள் கூடத்துக்கு இருபத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள். எல்லாம் தான் வாசலில் ஒட்டிய நோட்டீஸின் மகிமை என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழாவது கேள்விதான் கழுத்தை அறுத்தது. 'கஷ்டத்தில் நீங்கள் கேட்காமலேயே உதவிக்கு வர ஜமாஅத்தில் ஆள் உண்டா?' யாருமில்லை என்றால் ஒன்று, நிச்சயம் உண்டு என்றால் ஐந்து. முந்தைய பத்துப் பேரைப் போலவே இவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் ஐந்து போட்டார்கள்.

"கொஞ்சம் யோசிச்சுப் போடுங்கக்கா. எல்லாரும் அஞ்சுன்னா எங்க பேராசிரியர் நம்பமாட்டாரு," என்றாள், கடைசியாக உட்கார்ந்த தையல்காரியிடம்.

"நீ எத்தனை போட்டே?"

"ஒண்ணு. எனக்கு யாருக்கா இருக்கா?"

தையல்காரி சிரித்துவிட்டாள். "போன வாரம் என் கடையில நின்னு, நாற்பது பேர் சேரலேன்னா படிப்பே போச்சுன்னு உங்கம்மாகிட்ட போன்ல அழுதியே, என் காதென்ன செவிடா? துணி குடுக்க வந்தவங்களையெல்லாம் நான்தான் இழுத்துட்டு வந்தேன். உன் நோட்டீஸை எவ படிச்சா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேக்கா!"

"நீ மட்டும் கேட்டியா?"

மாணவி தன் படிவத்தைத் தேடியெடுத்து, ஒன்றை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினாள்.

இப்போது நாற்பதும் ஐந்து. நடந்ததைச் சொன்னால் பேராசிரியர் நம்பவா போகிறார்!