நாற்பத்தொரு பைய

சென்னையிலிருந்து வந்த தணிக்கை அதிகாரி விரலில் எச்சில் தொட்டுத் தொட்டு அஞ்சலட்டைகளைப் புரட்டினார். ஈரம் பட்ட இடத்திலெல்லாம் மை கலைந்தது.

எபனேசர் வாத்தியார் மை கலைந்த அட்டைகளைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தூத்துக்குடி வாசகசாலை வெளியிடும் வட்டார அகராதிக்கு அவர்தான் தொகுப்பாளர். ஆண்டுதோறும் டிசம்பரில் சனங்களிடம் கேட்டு, அந்த வருஷத்து மனநிலையைச் சொல்லும் ஒரு சொல்லைப் பொருளோடு அகராதி இணைப்பில் அச்சிடுவார்கள். முன்பெல்லாம் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இது எழுபத்தாறு, நெருக்கடி நிலை.

'ஒழுங்கு' என்று எழுதியிருந்தது ஒரே ஓர் அட்டை. அது வாசகசாலைத் தலைவர் வன்னியபெருமாளுடையது.

நாற்பத்தொரு அட்டைகள் ஒரே சொல்லைச் சொல்லின. பைய.

தெற்கத்திச் சீமையில் மெதுவாக என்பதற்கு அதுதான் சொல். நடப்பதற்கும் பைய, பேசுவதற்கும் பைய. காயல்பட்டினத்து குல்சும் கூடவே ஒரு வரியும் எழுதியிருந்தாள். 'புருசன் பெண்டாட்டி சண்டையைக்கூட இப்ப பையத்தான் போடுதோம்.'

"'பைய'ன்னா என்னய்யா?" என்றார் அதிகாரி.

வேகமில்லை என்று பொருள் சொன்னால் நாட்டின் முன்னேற்றத்தைக் கேலி செய்ததாகும். சத்தமில்லை என்று சொன்னால், சனம் வாயைத் திறக்கப் பயப்படுகிறது என்றாகும். எப்படிச் சொன்னாலும் கம்பி எண்ண வேண்டியதுதான்.

அவர் வீட்டிலிருந்து ஏற்கெனவே ஒருவன் கம்பிக்குப் பின்னால் இருந்தான். தம்பி ஞானையா, துறைமுக வாசலில் அரசை எதிர்த்துப் பேசிய குற்றத்துக்காகப் பாளையங்கோட்டைச் சிறையில் பத்து மாதமாகக் கிடந்தான். பொங்கலுக்குள் அவனை வெளியே எடுத்துவிடலாம், அதிகாரி மனது வைத்தால் போதும் என்று வன்னியபெருமாள் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வன்னியபெருமாள்தான் இப்போது மேசைக்கடியில் எபனேசரின் காலை மிதித்தார்.

"பை சார், துணிப்பை. பைய எடு, பைய வைன்னு சொல்லுவோம்லா, அந்தப் பை" என்றார் எபனேசர்.

பையை எடு என்பதைப் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள். இலக்கணத்தில் குற்றமே இல்லை. இருபது வருஷம் இலக்கணம் படித்தது இந்தப் பிழைப்புக்குத்தான் போலிருக்கிறது.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்போ, இந்த வருஷம் எல்லார் பையும் நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

வன்னியபெருமாள் முந்திக்கொண்டு தலையாட்டினார். தொழில்தான் உப்பளம், வாயெல்லாம் சர்க்கரை.

அவர்கள் சொல்லச் சொல்ல, எபனேசர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். 'பை: பெயர்ச்சொல். நிறைவுக்கும் செழிப்புக்கும் அடையாளம்.' தன் கையைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. நாற்பத்தொரு பேர் அவரை நம்பி எழுதிய சொல் அது.

அதிகாரி முத்திரை குத்தினார். தட்டில் மிச்சமிருந்த மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு, அந்தப் பிசுபிசுத்த கையாலேயே எபனேசரின் தோளைத் தட்டினார்.

"உங்க தம்பி விஷயத்தை நான் பார்த்துக்கறேன். வந்த அட்டை இவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்."

இன்னும் ஒன்று எபனேசரின் சட்டைப்பையில் இருந்தது. காலைத் தபாலில் வந்தது, எண்ணிக்கையில் அவர் சேர்க்கவில்லை. சிறை முத்திரைக்குக் கீழே, ஞானையாவின் கோணல் கையெழுத்தில் ஒரே சொல்.

உரக்க.