சங்கிலி போட்டாத்தான் வண்டி

“சங்கிலி போடாம வண்டி நகரக் கூடாது. மேல ஏத்திட்டுப் போறதுன்னா போண்ணா!”

பழைய பிக்கப் வண்டிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள் சத்யப்பிரியா. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

டிரைவர் சீட்டிலிருந்து சாம்சன் தலையை வெளியே நீட்டினார். “காலங்காத்தால இன்னாம்மா ரவுசு இது? நவுரு!”

வடக்குப்பட்டிலிருந்து மறைமலை நகர் ஃபாக்டரிக்கு, ஃபாக்டரியே வாடகைக்குப் பிடித்த அந்த வண்டியில்தான் தினமும் பன்னிரண்டு பெண்கள் வேலைக்குப் போய்வந்தார்கள். சாம்சனின் அப்பா ஐம்பத்திரண்டாம் வருஷம் வாங்கிய வண்டி. அதன் பின் கதவில் வண்டியைச் செய்த கம்பெனியின் பெயர் தடித்தடியான இங்கிலீஷ் எழுத்துகளில் புடைத்துக்கொண்டு நிற்கும். சாம்சன் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, அந்தக் கதவைத் தினமும் துடைத்துவிடுவார்.

கதவு அழகுதான். கொக்கிகள்தான் தேய்ந்துபோயிருந்தன. போன சனிக்கிழமை ஏரிக்கரை மேட்டில் வண்டி குலுங்கியதும் கதவு படாரென்று திறந்துகொண்டது. அதில் சாய்ந்து நின்ற லீலாவின் கால்கள் வெளியே தொங்கின. பக்கத்தில் இருந்தவர்கள் அவள் கையைப் பிடித்து இழுத்ததும், பின்னால் வந்த ஜல்லி லாரி பிரேக் அடித்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

“அதான் அன்னிக்கே கயிறு கட்டிட்டேன் இல்ல?” என்றார் சாம்சன்.

“அது கயிறா? பாதி அறுந்து தொங்கினு கீது. போய்ப் பாரு.”

“அதுக்கு? கதவுல ஓட்ட போட்டு பூட்டு வெக்கணுமா? முப்பத்தொம்போது வருசமா ஒரு கீறல் இல்லாம வெச்சினுக்கீறோம். இந்தக் கதவு போச்சுன்னா வேற எங்கயும் கெடைக்காது, தெரியுமா?”

“லீலா போயிருந்தா கெடைச்சிருப்பாளா?”

வண்டிக்குள்ளிருந்து லீலாவே கத்தினாள்: “எனக்குத்தான் ஒண்ணும் ஆவலையே. வுட்டுத் தொலைடி சத்யா!”

கிளியம்மாள் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தாள். அந்தக் கூட்டத்தில் அவள்தான் மூத்தவள்.

“அடியே, ஏழரைக்கு ஃபாக்டரி கேட்ட சாத்திடுவான். இந்த மாசத்துல ரெண்டு தடவ லேட்டாப் போயிருக்கேன். மூணாவது தடவன்னா வூட்டுக்குப் போன்னுடுவான். உனக்கு உன் உசுரு பெரிசு. என் புள்ளைங்களுக்கு யாருடி சோறு போடறது?”

“அஞ்சு நிமிஷம்க்கா.”

“ஒரு நிமிஷம் கூட இல்ல. பயமா இருந்தா நீ பஸ்ல போ. ஏன் எங்க பொழப்பக் கெடுக்கற?”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “திமிரு புடிச்சவ!” என்றது ஒரு குரல். “இத்தினி நாளு இல்லாத பயம் இன்னிக்கு இன்னா வந்துச்சு?” என்றது இன்னொன்று.

சத்யப்பிரியா நகரவில்லை.

சாம்சன் கியரைப் போட்டார். வண்டி ஓர் அடி முன்னால் வந்தது. இன்னும் அரை அடி. பம்பர் அவள் முழங்காலைத் தொட்டது. பெண்கள் அலறினார்கள். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

வண்டி நின்றது. சாம்சன் இறங்கி டிரைவர் பக்கத்துக் கதவை அறைந்து சாத்தினார். ஓங்கிய கையோடு வந்தவரிடம் அவள் தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். மாடு கட்டும் சங்கிலி ஒன்றும் பூட்டு ஒன்றும் தரையில் விழுந்தன.

“ஓட்ட போட வாணாம்ண்ணா. வண்டிக்கு ரெண்டு பக்கமும் மரக்கட்ட சொருவுற சந்து கீது இல்ல? அதுல வுட்டு, கதவுக்கு வெளிய குறுக்கால இழுத்துப் பூட்டிட்டா போதும். சங்கிலிய சைக்கிள் டியூபுக்குள்ள நுழைச்சு வெச்சிருக்கேன். உன் கதவுல ஒரு கீறல் வுழாது.”

சாம்சன் குனிந்து சங்கிலியை எடுத்தார். அதன் நீளம் முழுக்க டியூப் சுருக்கமில்லாமல் ஏறியிருந்தது. ராத்தூக்கம் கெட்டுச் செய்த வேலை என்று பார்த்தாலே தெரிந்தது. ஓங்கிய கை தானாக இறங்கியது.

“புடி அந்தப் பக்கம்” என்றார்.

இருவரும் சேர்ந்து சங்கிலியை இழுத்துப் பூட்டினார்கள். சாம்சன் கதவை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். எட்டி ஓர் உதை விட்டார். கதவு அசையவில்லை. விரலால் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். கீறலும் இல்லை.

“மணி ஆவுது, ஏறுங்க ஏறுங்க! மேட்டுல அழுத்தினா புடிச்சிடலாம்” என்று ஓடிப்போய் சீட்டில் உட்கார்ந்தார்.

சத்யப்பிரியா சாவியைக் கிளியம்மாளின் கையில் வைத்து அழுத்தினாள். “தெனமும் நீயே பூட்டுக்கா. பூட்டாம யாரையும் ஏற வுடாத.”

கிளியம்மாள் டயரில் கால் வைத்து ஏறிக்கொண்டு கையை நீட்டினாள். கோபம் இன்னும் தணியவில்லை. “இவ்ளோ சண்ட போட்டு சாதிச்சிட்ட இல்ல? இன்னும் இன்னா நிக்கற? ஏறித் தொலை!”

“நான் வர்லக்கா” என்றாள் சத்யப்பிரியா. “இந்தக் கதவப் பத்தி ஃபாக்டரி சூப்பர்வைசர் கிட்ட எழுதிக் குடுத்தேன். நாளையிலேர்ந்து வேலைக்கு வராதன்னு நேத்தே சொல்லிட்டாரு.”