உள்தாழ்ப்பாள்

மாடியில் குடியிருந்த தையல்காரரையும் அவர் மனைவியையும் திருட்டு வழக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜாமீனுக்கு ஆள் கிடைக்கவில்லை. விசாரணை தொடங்குகிற வழியும் தெரியவில்லை.

"சாமானை எடுத்து வெளிய வச்சுட்டு வேற யாருக்காவது விடுங்க" என்றாள் வீட்டுக்காரரின் மனைவி.

"குத்தம் செஞ்சாங்கன்னு இன்னும் யாரும் சொல்லலையே. எப்படி எடுக்கறது?" என்றார் வீட்டுக்காரர். ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட அவரும் போகவில்லை.

மறு மாதம் பட்டப்பகலில் மாடியில் தையல் மிஷின் ஓடியது. வீட்டுக்காரர் ஏறிப் பார்த்தார். அவர் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. கதவிடுக்கு வழியே வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. உள்ளே தையல்காரர் ஏதோ சொல்ல, அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டுக்காரர் சத்தமில்லாமல் இறங்கி வந்தார். அதற்குப் பிறகு வேறு ஆளுக்கு விடும் பேச்சைக் கீழே யாரும் எடுக்கவில்லை.

ஐந்தாம் வருஷம், குற்றமில்லை என்று தீர்ப்பாகி இருவரும் திரும்பி வந்தார்கள். தையல்காரரின் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. அவர் மனைவிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. வீட்டுக்காரர் சாவியோடு முன்னால் ஏறினார். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

தையல்காரரின் மனைவி கதவைத் தட்டினாள். மிஷின் நின்றது.

"யாரு?" என்று உள்ளேயிருந்து அவள் குரலே கேட்டது. ஐந்து வருஷத்துக்கு முந்தைய குரல்.

வெளியே நின்றவள் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கணவரிடமிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டினாள்.

"அவங்க இருக்கட்டும்ங்க" என்றாள் மெதுவாக. "நாம வேற இடம் பாத்துக்கலாம்."