ஐஸ் பெட்டி

பெட்டியின் மோட்டார் மறுபடியும் உறுமத் தொடங்கியதும் சவரியம்மாள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"முத்து, இத நிறுத்தச் சொல்லு. அவரால குளிர் தாங்க முடியாது."

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடி மூடிக்குக் கீழே அவள் புருஷன் லூர்துசாமி கிடந்தார். நெஞ்சின்மேல் கோத்துவைத்த கைகள். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை.

முந்தாநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். குவைத்தில் இருக்கும் மகன் சார்லஸ் வந்து முகம் பார்க்கட்டும் என்றுதான் இந்த ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

முத்தம்மாள் லூர்துசாமியின் தங்கை. அண்ணியின் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். அவள் உட்காரவில்லை.

இருபத்தாறு வருஷம் கடலூர் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். விடியும் முன்னே போக வேண்டும். ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து, உடைத்து, மீன்பிடி போட்டுகளுக்கு வாரிக் கொட்ட வேண்டும்.

முதலில் ஒரு விரல்தான் வெளுத்தது, சுண்ணாம்பில் தோய்த்து எடுத்த மாதிரி. கிள்ளினாலும் உறைக்கவில்லை. பிறகு நீலம் பாரித்தது. அடுப்பருகே காட்டினால் சிவந்து, எரிந்து, ஆளைத் துடிக்கவைத்தது. அடுத்த வருஷம் கால்விரல்களும் அப்படியே ஆயின.

சவரியம்மாள்தான் அவரைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். குளிர் பட்டால் எல்லாருக்குமே கை கால் நுனியில் ரத்தக்குழாய் சுருங்கத்தான் செய்யும். உடம்பு தன் சூட்டை உள்ளே பத்திரப்படுத்திக்கொள்கிற வழி அது. கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும். இவருக்கு ஒரேயடியாக இறுகிக்கொள்கிறது, விரலுக்கு ரத்தமே போவதில்லை. இப்படியே விட்டால் நுனிச்சதை பட்டுப்போகும். பீடியை விடணும், ஐஸை விடணும். நெருப்பில் மட்டும் காட்டவே கூடாது.

பீடிக்கட்டை அன்றைக்கே சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வீசினார். ஐஸை விடவில்லை. சார்லஸ் அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். அவன் குவைத்துக்குப் போன பிறகும் விடவில்லை. வேறு வேலை தெரியாது என்றார்.

பதினோரு வருஷமாக, அவர் வேலை முடிந்து வந்ததும் அந்தக் கைகளைத் தன் அக்குளில் வைத்து இறுக்கிக்கொள்வாள் சவரியம்மாள். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று கூச்சப்படுவார். ஆனாலும் கையை எடுக்க மாட்டார். நிறம் திரும்பும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றுகொண்டிருப்பார்கள்.

முத்தம்மாள் அழுதுகொண்டே சொன்னாள்:

"அண்ணி, அண்ணனுக்கு இனிமே குளிராவது, சூடாவது. புள்ள வந்து மூஞ்ச பாக்க வேணாமா? நாளைக்கு வந்துருவான். பொறுத்துக்குங்க."

சவரியம்மாள் நேராகப் போய், சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

மோட்டார் நின்றது.

பொம்பளைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அதற்குள் அவள் கண்ணாடி மூடியைத் தள்ளி, உள்ளே கையை விட்டு, அவர் கைகளைப் பொத்திக்கொண்டாள்.

வெகுநேரம் பொத்திக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை.

பிறகு கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"சாமியாருக்குச் சொல்லி அனுப்பு, முத்து. இன்னிக்கே எடுத்துருவோம். சார்லஸ் வர்ல."

நேற்றுக் காலையிலேயே அவன் போன் பண்ணியிருந்தான். கொல்லைப்பக்கம் நின்று அவள்தான் எடுத்தாள். கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டைத் தரமாட்டேன் என்கிறான், எனக்காகக் காத்திருக்காதீங்கம்மா என்று தேம்பித் தேம்பி அழுதான்.

சொன்னால் அப்போதே அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அவள் வாயைத் திறக்கவே இல்லை.