பின்னேரம் பார்க்க வேண்டிய இடம்

பருத்தித்துறைக் கரையில் வெயில் சாய்கிறது. எண்ணெய்ச் சிரட்டையைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு வரும் ரஞ்சினி, தாழம்புதரைக் கடந்ததும் நின்றுவிடுகிறாள். ஈ காக்கை வராத அவளுடைய கல்லடியில், வாடகை வான் வண்டியில் வந்த கூட்டமொன்று கைபேசியும் கையுமாக நிற்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாத புருசனுக்கு வீட்டில் செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கும் செய்து முடித்துவிட்டார்கள். அவள் மட்டும், அவனுடைய வள்ளத்துக்குக் கரை தெரியட்டும் என்று, வெள்ளிக்கிழமைகளில் கள்ளமாக வந்து இந்தக் கல்லில் விளக்கு வைக்கிறாள். மாமிக்குக்கூடத் தெரியாது. கனடாவிலிருந்து வந்த பள்ளிக்கூடச் சிநேகிதி வித்தியாவை மட்டும்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினாள். அன்று வித்தியாவும் சேர்ந்து அழுதாள்.

"உவதான், உவதான்!" என்று ரஞ்சினியைக் காட்டிச் சொல்கிறாள் கூட்டத்தில் ஒருத்தி. அவளுடைய கைபேசியில் ஓடும் வீடியோவுக்குள் வித்தியாவின் குரல் தேனாய் வழிகிறது: "ஒருநாளிலை யாழ்ப்பாணம் பாக்க வாறியளோ? காலமை நல்லூர், வெயிலுக்கை ஒரு ஐஸ்கிரீம். வெள்ளிக்கிழமையெண்டால் பின்னேரம் இந்தக் கரையை விட்டிடாதேங்கோ. ஒரு அக்கா விளக்குக் கொண்டு வருவா. கிட்டப் போய்க் கதைக்காதேங்கோ, அவ தன்பாட்டிலை அழுவா. படம் நல்ல வடிவா வரும்."

ரஞ்சினிக்கு அழுகை வரவில்லை. பழக்கதோசத்தில் கல்லடியில் குந்துகிறாள், தீக்குச்சியைக் கிழிக்கிறாள், திரி பிடித்ததும் இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறாள். விரலிடுக்கில் காற்று சீறுகிறது.

"அக்கா, அந்தக் கையை ஒருக்கா எடுங்கோ. விளக்குத் தெரியேல்லை."

அவள் அவர்களைப் பார்க்கிறாள். கடலைப் பார்க்கிறாள். பிறகு கையை எடுக்கிறாள். கடற்காற்று ஒரே வீச்சில் விளக்கை நூர்த்துவிடுகிறது.