லண்டன் படிப்பு

"வெளிநாட்டுல நேர்ல உக்காந்து படிச்சாத்தான் படிப்பு" என்று மலேசியாவின் சிகாமட் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, மகள் ஷஹீராவை லண்டனுக்கு அனுப்பினாள் ஜெய்னம்பு.

அங்கே விடுதி அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு லேப்டாப்பில் பாடம் கேட்டாள் ஷஹீரா. வகுப்பு முடிந்ததும் ஊருக்குப் போன் போட்டாள்.

"உம்மா, எல்லாமே ஆன்லைன் கிளாஸ்தான். லெக்சரர் முகத்தைக்கூடப் பாத்ததில்ல."

"பொறுத்துக்க லா. ஒன்னோட ரூமு சும்மாதானே கெடந்துச்சு, ஒரு டீச்சருக்கு வாடகைக்கு விட்டுட்டேன். நாள்பூரா கம்ப்யூட்டர்கிட்ட இங்கிலீஷ்ல பேசிக்கிட்டே இருக்காங்க, பாவம்."

மறுநாள் வகுப்பில் பேராசிரியை முதல்முறையாகக் கேமராவைப் போட்டார். அவருக்குப் பின்னால் ஷஹீராவின் கட்டில், ஷஹீராவின் அலமாரி, அவள் ஒட்டிய பூனைப் படம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அந்த அறையின் கதவு திறந்தது. தட்டோடு ஜெய்னம்பு நுழைந்தாள்.

"டீச்சர், ரொட்டி சானாய் ஆறிடும். மொதல்ல சாப்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்."

லண்டனில் வகுப்பு கலைந்தது.