வெண்ணெய்க்குக் கைரேகை கிடையாது

கொலைகாரனுக்கும் கொலஸ்ட்ரால் டெஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், இந்த மாப்பிள்ளையைத்தான் கைகாட்ட வேண்டும். செய்துகொண்டிருக்கும் கொலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க, கைக்காசைப் போட்டு மாமனாருக்கு ரத்தப் பரிசோதனை செய்த மனிதர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

டாக்டர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், மாமனாருக்குப் பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளுக்குள் ஒரே குஷி.

மாமனாருக்கு ஒரு பெயிண்ட் கடை. கடைக்கு மேல் மூன்று மாடி, அதுவும் சொந்தம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள். அவர் கண்ணை மூடினால் எல்லாம் மகளுக்கு, அதாவது மாப்பிள்ளைக்கு. ஆனால் கிழவர் கண்ணை மூடுகிற வழியைக் காணோம். எழுபதைத் தாண்டியும் மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை இன்சூரன்ஸ் ஏஜென்ட். யார் எதனால் சாகிறார்கள் என்பது தொழில்முறையில் அவருக்கு அத்துப்படி. விஷம் வைத்தவன் மாட்டிக்கொள்வான். படியிலிருந்து தள்ளிவிட்டவனும் மாட்டிக்கொள்வான். வெண்ணெய் வாங்கிக் கொடுத்தவனை மட்டும் ஊரே மெச்சும். வெண்ணெய்க்குக் கைரேகை கிடையாது.

முடிவு செய்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் கிரீம் கேக்கோ பொரித்த கோழியோ பொட்டலம் கட்டிக்கொண்டு மாடி ஏறினார். மேலே போய்ச் சேர்வதற்குள் நாக்குத் தள்ளிவிடும். கொலை செய்வது அவ்வளவு லேசா என்ன?

“எங்கப்பாவை இப்படித் தாங்குறீங்களே” என்று மனைவி கண் கலங்கினாள்.

கிழவரிடம் ஒரே ஒரு தொல்லை. தனியாகச் சாப்பிட மாட்டார்.

“துணைக்கு ஆள் இல்லன்னா எனக்குத் தொண்டையில இறங்காது மாப்ள. நீங்க ஆரம்பிங்க.”

தின்று காட்டினால்தானே தின்பார்? மாப்பிள்ளையும் எதிரே உட்கார்ந்து வெளுத்துக் கட்டினார். இவர் நாலு வாய் தின்பதற்குள் கிழவர் ஒரு வாய் தின்பார். கேட்டால் பல் சரியில்லை என்பார். போகட்டும், மெதுவாக வேலை செய்தாலும் வெண்ணெய் வெண்ணெய்தான்.

நடுவில் கிழவருக்கு ஒரு பாலிசி எடுக்கும் ஆசை வேறு வந்தது.

“உங்க வயசுக்குத் தர மாட்டாங்க மாமா.”

“அப்ப உங்க பேர்லயே போடுங்க. பணம் நான் கட்டிடுறேன். என் பொண்ணு நல்லாருந்தா சரி.”

வந்த கமிஷனைப் பையில் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்க மாப்பிள்ளை பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. வேலை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. லேப்காரரைக் காலையில் வீட்டுக்கே வரவழைத்தார். ஊசியைப் பார்த்ததும் கிழவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எனக்கு உதறுது மாப்ள. முதல்ல நீங்க குடுங்க, பார்த்துட்டு நான் குடுக்கறேன்.”

சின்னப் பிள்ளைக்குச் செய்து காட்டுவது போல் மாப்பிள்ளை கையை நீட்டினார். அதற்குப் பிறகுதான் கிழவர் சட்டைக் கையை மடித்தார்.

உள்ளேயிருந்து மணி அடித்தது. இருவரும் போய் உட்கார்ந்தார்கள். டாக்டர் மேஜை மேலிருந்த காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

“மொத்தக் கொலஸ்ட்ரால் முந்நூத்திப் பதினாலு. இருநூறைத் தாண்டக்கூடாது.”

மாப்பிள்ளை ‘ச்சொ’ கொட்டினார்.

“ட்ரைகிளிசரைடு முந்நூத்தி எண்பது. நூத்தம்பதுக்குள்ள இருக்கணும். வெறும் வயித்துலதானே ரத்தம் எடுத்தாங்க?”

“பச்சைத் தண்ணியைத் தவிர ஒண்ணும் உள்ள போகல டாக்டர். ராத்திரியே சொல்லி வச்சுட்டேன்.”

“எல்டிஎல், கெட்ட கொழுப்பு, இருநூத்திப் பத்து. இதுதான் ரத்தக்குழாய்ல போய் ஒட்டிக்கிறது. ஹெச்டிஎல் இருபத்தெட்டு.”

மாப்பிள்ளை நாற்காலி நுனிக்கு வந்தார். ஒரு வருஷ உழைப்பில் இது ஒன்று மட்டும் ஏன் ஏறாமல் கிடக்கிறது?

“இது கம்மியா இருக்கே டாக்டர்?”

“அது நல்ல கொழுப்பு. ஒட்டினதை வழிச்சு எடுத்துட்டுப் போறது அதுதான். மத்ததெல்லாம் ஏறினா ஆபத்து, அது இறங்கினா ஆபத்து.”

போன உயிர் மாப்பிள்ளைக்குத் திரும்பி வந்தது. குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார்.

“இன்னும் எவ்வளவு நாள் டாக்டர்?”

“அப்படியெல்லாம் நாள் குறிக்க முடியாது. சாப்பாட்டை மாத்தி, மாத்திரை எடுத்தா நல்லாவே இருக்கலாம். இப்படியே தின்னுட்டிருந்தா மாரடைப்பு எப்ப வேணா வரும். முதல்ல ஈசிஜி எடுத்துப் பார்த்துடலாம். சட்டையைக் கழட்டணும்.”

மாப்பிள்ளை பாசம் பொங்க எழுந்து, மாமனாரின் சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

“அவருக்கு எதுக்குங்க?” டாக்டர் மேஜையில் இருந்த இன்னொரு காகிதத்தைத் தட்டினார். “அவர் ரத்தத்துல ஒரு குறை சொல்ல முடியாது. இவ்வளவு நேரம் நான் படிச்சது உங்களோடது.”

மாப்பிள்ளைக்குக் கை கால் ஓடவில்லை. மாமனார்தான் அவரைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்து, சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். பிறகு காதருகே குனிந்தார்.

“பாலிசிப் பணத்தை நேத்தே கட்டிட்டேன் மாப்ள, போற வழியில உங்களுக்கு அந்த கிரீம் கேக்கையும் வாங்கிட்டுப் போயிடலாம்.”